இடது கன்னத்து மச்சம்

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்று காலை பதினொரு மணிக்குச் சின்னவள் தன் அக்கா வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போய், மேலாளர் முன்னால் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் தபால் பிரிவில் ஒரு நாற்காலி அவளுக்குக் கிடைக்கும். பெரிய வேலை இல்லை. வருகிற உறைகளில் தேதி முத்திரை குத்தி, எது எந்த மேஜைக்கு என்று பிரித்து வைக்க வேண்டும். பத்தாவதைத் தாண்டாதவளுக்கு அது போதும். ஜன்னலோரத்து நாற்காலி என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒரு மாதமாகச் சின்னவள் அந்த ஜன்னலை மனசுக்குள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது வேலை பார்க்கிற இடத்திலும் ஜன்னல் உண்டு. ஆனால் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றில், படம் வெட்டி ஒட்டுகிற மெல்லிய வினைல் தாள் பறந்துவிடும். மாடியில் ஒரே அறை. ஒரு மூலையில் கணினி, பக்கத்தில் தாளை வெட்டுகிற இயந்திரம், நடுவில் கறுப்பு யானைக்குட்டி மாதிரி சூட்டால் அழுத்தி ஒட்டுகிற பிரஸ். சுவரோரம் உள்ளங்கை அகலத்தில் மர வட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கும். மேஜையில் கப்புக்கு அடியில் வைப்பது. வாங்க வருகிறவர்கள் கோஸ்டர் என்பார்கள். அம்மா ‘டம்ளர்க்கட்டை’ என்பாள். “பெரியவ ஆபீஸ்ல ஃபைல் பாக்குறா, சின்னவ டம்ளர்க்கட்டைக்கு ஜோடிக்கிறா” என்று விசாரிக்கிறவர்களிடமெல்லாம் ஒரே மூச்சில் சொல்லுவாள். முதல் பாதியைச் சத்தமாகவும் மறு பாதியை மெதுவாகவும்.

பார்ப்பதற்குத்தான் வேலை எளிது. பலகையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிப் போட வேண்டும். வினைல் தாளைப் பின்பக்கத்திலிருந்துதான் கத்தி வெட்டும். வெட்டியதைப் பலகைமேல் கவிழ்த்து வைத்து ஒட்டும்போது படம் நேராகிவிடும். திருப்பாமல் வெட்டினால் ஒட்டின பிறகு எல்லாம் இடம் வலமாகிக் கிடக்கும். வெட்டியபின் படத்தைச் சுற்றியிருக்கிற வேண்டாத தாளைக் கொக்கி ஊசியால் உரித்தெடுக்க வேண்டும். கடைக்காரம்மா அதைக் களையெடுப்பு என்பாள். கண்ணும் கழுத்தும் போகிற வேலை. அது சின்னவளுடையது.

பிரஸ் மட்டும் கடைக்காரம்மாவுடையது. சேர்ந்த இரண்டாம் வாரம் சின்னவள் ஒரு தடவை அதைத் தொட்டு, மணிக்கட்டில் நிரந்தரமாக ஒரு கோடு வாங்கியிருந்தாள். அன்றைக்குக் கடைக்காரம்மா ஓடிவந்து முதலில் பிரஸ்ஸைத்தான் தடவிப் பார்த்தாள். “தோல் ஒட்டியிருக்கா பாரு. ஒட்டியிருந்தா அடுத்த பலகையில கறை விழும்” என்றாள்.

திங்கட்கிழமை மதியம் கோடுபோட்ட சட்டை ஒன்று படியேறி வந்தது. சட்டைக்குள் இருந்தவன் ஒல்லியாக, சிரிப்பதற்குத் தயாராக வாயை வைத்துக்கொண்டிருந்தான். சின்னவள் அப்போது பலகை தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து கழுத்து வரை தூசிக்காகத் துணி கட்டியிருந்தாள். கண் மட்டும்தான் வெளியே.

“இருபத்துநாலு வேணும். வியாழக்கிழமை காலைல. முடியுமா?” என்றான்.

“என்ன படம்?” என்றாள் கடைக்காரம்மா.

அவன் கைப்பேசியை நீட்டினான். பார்த்ததும் கடைக்காரம்மா ‘க்ளுக்’ என்றாள். அவள் சிரிப்பதைச் சின்னவள் பார்த்து மாதக் கணக்காகியிருந்தது.

“எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க” என்று அவன் ஆரம்பித்தான். “பதிவேட்டுப் பிரிவு. கழுத்து இத்தனை நீளம். பல்லு ரெண்டு எப்பவும் வெளிய நின்னு யார் வர்றாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கும். கொக்கம்மான்னு பேரு வெச்சிருக்கோம். அவங்களுக்குத் தெரியாது. எல்லாரும் அவங்கமேல உசுரையே வெச்சிருக்கோம்னு அவங்களுக்கு நெனப்பு. நாங்க சாப்பிட உக்காந்தா அவங்களும் வந்துருவாங்க. வந்துட்டா பேச்சு முடியாது. கொக்கு கத்துற மாதிரி இருக்கும்.”

“பாவம்” என்றாள் கடைக்காரம்மா, இன்னும் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சுன்னு வியாழக்கிழமை ஒரு சின்னக் கூட்டம். ஆளுக்கொரு கோஸ்டர். இருபத்துநாலு மேஜையிலயும் கொக்கம்மா. கொக்கம்மா மேஜையிலயும் கொக்கம்மா. மூஞ்சி மேலயே சுடச்சுட கப்பு. யாருன்னு கேட்டா சும்மா ஒரு பொம்மைன்னு சொல்லிடுவோம்.” அவன் சின்னவள் பக்கம் திரும்பினான். “நீங்க ஏன் சிரிக்கல? துணிக்குள்ள சிரிக்கிறீங்களா?”

அவள் படத்தைப் பார்க்க எழுந்து வந்தாள். வளைந்த கோடுகளால் வரைந்த முகம். நேராகப் பார்க்கிறது. கொண்டை. ஓட்டைக் குடை மாதிரி புருவம். நீண்டு, இன்னும் நீண்டு, போகிற கழுத்து. உதட்டுக்கு வெளியே இரண்டு பல். இடது கன்னத்தில் ஒரு மச்சம்.

அது அவள் அக்கா.

துணிக்குள் அவளுடைய நாக்கு தன்னிச்சையாகத் தன் முன்பற்களைத் தொட்டுப் பார்த்தது. அவையும் கொஞ்சம் வெளியேதான் இருந்தன. அக்காவுக்கும் தங்கைக்கும் இரண்டு வயசு வித்தியாசம்தான், ஆனால் முகம் ஒரே அச்சு. சின்ன வயசில் பார்க்கிறவர்கள் மச்சத்தை வைத்துத்தான் யார் யாரென்று கண்டுபிடிப்பார்கள்: பெரியவளுக்கு இடது கன்னம், சின்னவளுக்கு வலது கன்னம். “ஒண்ணைச் செஞ்சு, இன்னொண்ணை அப்படியே திருப்பிப் போட்டுட்டான்” என்பாள் அம்மா. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். “நான் நேர், நீ திருப்பம்” என்று அவள் சொல்லாத நாளே இல்லை.

“எழுத்து ஏதாவது போடணுமா?” என்று சின்னவள் கேட்டாள். குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

“வேண்டாம். எழுத்துப் போட்டா மாட்டிக்குவோம். படம் மட்டும்.”

அவன் போன பிறகும் படிக்கட்டில் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் இருந்தது. சின்னவள் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பல வருஷமாக வீட்டில் கேட்டதெல்லாம் அவள் காதில் ஓடியது. ‘இன்னிக்கு எனக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க.’ ‘நான் இல்லாட்டி அந்தச் செக்‌ஷன் சிரிக்கவே சிரிக்காதாம்.’ பொய் இல்லை. அக்கா நம்பிச் சொன்னவை. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வியாழக்கிழமை லீவு போட்டுவிடு அக்கா, காரணம் கேட்காதே என்று.

அந்த எண்ணத்தோடுதான் வீட்டுக்குப் போனாள். எண்ணம் அரை மணி நேரம் தாங்கியது.

அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கொண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு விஷயம்…” என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

“இரு, நான் முதல்ல சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை வர்றியே, அங்க வந்து என்னை அக்கான்னு கூப்பிட்டு வெக்காதே. மேடம்னு கூப்பிடு.”

“ஏன்?”

“ஏனா? அங்க எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. நீ எட்டு மாசம் பத்தாவது படிச்சுட்டு ஓடி வந்தவ. தெரிஞ்ச பொண்ணுன்னு சொல்லியிருக்கேன். கேட்டா ‘மேடம் வீட்டுப் பக்கத்துல இருக்கோம்’னு சொல்லு.”

“ஒரே வீட்டுலதானே இருக்கோம்” என்றாள் சின்னவள்.

“பக்கத்து ரூம்ல இருக்கியா இல்லையா? அப்ப பொய்யில்லையே” என்று அக்கா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். கொக்கு கத்துகிற மாதிரிதான் இருந்தது. “அம்மா, இவ எப்படி ஓடி வந்தா ஞாபகம் இருக்கா? பாடம் வாசிக்கச் சொன்னா, பாவாடையை நனைச்சுட்டு…”

“விடுடி” என்றாள் அம்மா. விடு என்று சொல்லிவிட்டு அவளும் துணிக்குப் பின்னால் சிரித்தாள்.

சின்னவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை, வேறு ஏதோ திறந்துகொண்டது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. மதியம் மரத்தடியில் யாரோ அவளைப் போல் நடித்துக் காட்ட, சுற்றி நின்ற கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். ‘உன் தங்கச்சிதானே?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘எனக்குத் தங்கச்சியே இல்லையே’ என்றாள் அக்கா. அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான் சின்னவள்.

“என்னமோ விஷயம்னியே?” என்றாள் அக்கா, வாயில் கொண்டை ஊசியோடு.

“ஒண்ணுமில்ல” என்றாள் சின்னவள். “வியாழக்கிழமை உங்க ஆபீஸ்ல கூட்டமாமே?”

“உனக்கு யாரு சொன்னா?”

“நீதான் சொன்னே.”

“சொன்னேனா? ஆமா, எனக்கு ஏதோ பரிசு வெச்சிருக்காங்க. எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாங்க. என்னன்னு சொல்லவே மாட்டேங்கறாங்க, கள்ளனுங்க.”

சின்னவள் தலையாட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது நெஞ்சுக்குள் மிட்டாய் மாதிரி கரைந்தது. அன்றைக்கு அவள் ஒரு தட்டு அதிகமாகச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கடைக்காரம்மா வருவதற்கு முன்பே கடைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். படத்தைப் பெரிதாக்கி வைத்துக் கொண்டு பார்த்தாள். அவன் வரைந்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இருந்து பார்த்தவன் இல்லையே. ஒரே தலையணையில் படுத்தவளுக்குத் தெரிந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் இரண்டு மடிப்புக் கோடு சேர்த்தாள். மூக்குத் துவாரங்களைக் கொஞ்சம் அகட்டினாள். ‘சும்மா ஒரு பொம்மை’ என்று யாரும் தப்பித்துவிடக் கூடாது. அக்கா பார்த்த மாத்திரத்தில் இது நான்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மச்சம்தான் சாட்சி. சின்னவள் அதை நான்கு மடங்கு பெரிதாக்கினாள். போதவில்லை. கன்னத்தில் அந்த இடத்தை ஓட்டையாக வெட்டிவிட்டு, மின்னுகிற சிவப்புத் தாளில் தனியாக ஒரு வட்டம் வெட்டி அதில் பதிக்கலாம் என்று தோன்றியது. இரண்டு தடவை பிரஸ் போட வேண்டியிருக்கும். கடைக்காரம்மா முணுமுணுப்பாள். பரவாயில்லை.

இதற்கு முன் எந்த வேலையையும் அவள் இத்தனை ஆசையாகச் செய்ததில்லை. வெட்டும் பொத்தானை அழுத்தினாள். கத்தி கறுப்புத் தாளின்மேல் கிறீச் கிறீச்சென்று ஓடியது.

நாள் முழுக்கக் களையெடுத்தாள். கொக்கி ஊசியால் பல்லுக்கு நடுவில் இருந்ததை எடுத்தாள். கண்ணுக்குள் இருந்ததை எடுத்தாள். ஒவ்வொரு தாளிலும் அக்கா மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இடது கன்னத்தில் ஓட்டையோடு, அச்சு அசலாக. “வா மேடம்” என்று துணிக்குள் முனகிக்கொண்டே உரித்தாள். பன்னிரண்டாவதில் பல் ஒன்று தாளோடு சேர்ந்து கிழிந்து வந்துவிட்டது. அதை எறிந்துவிட்டு வேறொன்று வெட்டினாள். பல் இல்லாமல் அக்கா முழுசாகமாட்டாள்.

புதன்கிழமை கடைக்காரம்மா பிரஸ் போட்டாள். பலகையை வைத்து, தாளைக் கவிழ்த்து, கைப்பிடியை இறக்கி, முப்பது எண்ணி, தூக்கி, மேல்தாளை உரித்து, அடுத்ததற்குப் போனாள். சின்னவளுக்கு முதுகு காட்டித்தான் எப்போதும் நிற்பாள். ஒட்டினதை உடனே தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தாள். வேறு ஆர்டர் காத்திருந்தது.

“என்னடி இது” என்றாள் ஏழாவதோ எட்டாவதோ எடுத்தபோது. “பார்க்கப் பார்க்க உன் ஜாடையா இருக்கே?”

சின்னவளின் கையிலிருந்த ஊசி நின்றது. அக்காவும் தங்கையும் என்றால் ஜாடை இல்லாமலா போகும் என்று நினைத்துக்கொண்டாள். “பல்லு நீண்ட எல்லாரும் ஒரே ஜாடைதாம்மா” என்றாள்.

“அதுவும் சரிதான்” என்றாள் கடைக்காரம்மா. “இதுக்கு மேல ஒரு கை வார்னிஷ் அடிக்கணும். அடிக்காட்டி சூடு பட்டு இந்தச் சிவப்பு கப்போட கையில வந்துரும். ஆனா காய நேரமில்ல. அப்படியே போகட்டும். வெள்ளிக்கிழமை நீ லீவு கேட்டியே, எதுக்கு?”

“பல் காட்டணும்.”

“தினம் காட்டிக்கிட்டுதானே இருக்கே” என்றாள் கடைக்காரம்மா.

வியாழக்கிழமை காலை கோடுபோட்ட சட்டை வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் சின்னவள் சீக்கிரமே வீட்டுக்குப் போய், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா எப்படி வருவாள் என்று பல மாதிரி யோசித்து வைத்திருந்தாள். கண் வீங்கி வருவாள். செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மா கதவைத் தட்டுவாள். அப்போது தான் போய்க் கதவருகே நின்று, ‘எனக்குத் தங்கச்சியே இல்லையேன்னு சொன்னியே அக்கா’ என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை. நாளைக்குக் காலை அதே அக்காவின் சிபாரிசில்தான் வேலைக்குப் போகிறோம் என்பது ஒரே ஒரு தடவை குறுக்கே வந்தது. வந்த வழியே அதை அனுப்பிவிட்டாள்.

அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா! இன்னிக்கு மாதிரி நான் சிரிச்சதே இல்லம்மா. ஆபீஸே என்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடிடுச்சு. மேலாளர் வந்து முதுகுல தட்டி, ‘உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு தெரியாது’ன்னார்.”

சின்னவள் எழுந்தே விட்டாள். “பரிசு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.” அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். “நாளைக்கு வருவே இல்ல? வந்து பாத்துக்கோ. இப்பச் சொல்ல மாட்டேன். ஆங், இன்னொண்ணு. மேடம் கீடமெல்லாம் வேண்டாம். அக்கான்னே கூப்பிடு. நீ என் தங்கச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

பத்து வருஷத்தில் அக்கா வாயிலிருந்து வந்த முதல் ‘என் தங்கச்சி’ அது. சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கோடுபோட்ட சட்டைக்காரன் கடைசி நேரத்தில் பயந்து பெட்டியைத் திறக்காமல் வைத்துவிட்டானோ? அப்படித்தான் இருக்க வேண்டும். உடனே, அவளே எதிர்பாராமல், ஒரு நிம்மதி வந்தது. நல்லவேளை என்று நினைத்தாள். அக்கா தன் பச்சை உடையைக் கொண்டுவந்து, “நாளைக்கு இதைப் போட்டுக்கோ. கழுத்து தெரியட்டும்” என்று கொடுத்தபோது அழுகைகூட வந்தது. படுக்கப் போகும்போது, தான் எத்தனை மோசமானவள் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா ஒன்றும் அத்தனை மோசமில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா காத்திருந்தாள். முகத்தில் துணி கட்டாமல் இத்தனை பேருக்கு முன்னால் போய் நிற்பது சின்னவளுக்குக் குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பதுபோல் இருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“வந்துட்டா! என் தங்கச்சி!”

நீளமான கூடம். வரிசையாக மேஜைகள். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நிமிர்ந்து அவளைப் பார்த்து, குனிந்து மேஜையைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தன. ஒருத்தி சட்டென்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். “அப்படியே இருக்காங்கப்பா!” என்று யாரோ சொன்னார்கள். “இல்ல, பல்லைக் கொஞ்சம் கம்மியா வரைஞ்சிட்டாங்க” என்று இன்னொரு குரல்.

பக்கத்து மேஜையில் ஒருவன் அவளுக்காகவே என்பதுபோல் தன் கப்பைத் தூக்கினான். அடியில் பலகை வட்டம். கொண்டை, புருவம், கழுத்து, அவள் சேர்த்த இரண்டு மடிப்பு. சிவப்பாக மின்னுகிற, நான்கு மடங்கு பெரிய மச்சம்.

வலது கன்னத்தில்.

சின்னவள் அதைப் பார்த்தபடி நின்றாள். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. மூக்கை அகட்டினாள். மச்சத்தைப் பெரிதாக்கினாள். சிவப்புத் தாளைத் தேடி எடுத்தாள். வெட்டச் சொன்னாள். நடுவில் ஒன்று செய்யவில்லை. படத்தைத் திருப்பவில்லை. எழுத்து இருந்திருந்தால் முதல் பலகையிலேயே கடைக்காரம்மா கத்தியிருப்பாள். முகத்துக்கு எது நேர், எது திருப்பம் என்று அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் சின்னவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரிக்கும்போது அக்காவாகத் தெரிந்ததே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். உரிக்கும்போது சரியாகத் தெரிந்தால் ஒட்டின பிறகு தப்பு. இரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. அக்காவின் முகத்தை உரிக்கிற சந்தோஷத்தில் அதுதான் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

“நேத்துக் குடுத்தாங்களா, எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க” என்று அக்கா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். “எனக்கு ஒரு நிமிஷம் பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் பாத்தா மச்சம் வலது பக்கம்! ‘ஐயோ, இது என் தங்கச்சிடா’ன்னேன். என் மேஜை டிராயருக்குள்ள நம்ம போட்டோ கிடக்குல்ல, அதைத் திருட்டுத்தனமா எடுத்துப் பார்த்து வரைஞ்சிருக்கானுங்க, படவாப் பசங்க. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. நீ பாவாடையை நனைச்ச கதையெல்லாம் சொல்லிட்டேன்.”

மேலாளரின் அறைக்குள் அக்காவும் கூடவே வந்து நின்றுகொண்டாள். மேலாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவளைப் பார்த்ததும் கண் விரிந்தது. சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவர் மேஜையிலும் ஒன்று இருந்தது, அதன்மேல் ஆவி பறக்கிற டீ.

“உக்காரும்மா. தப்பா எடுத்துக்காதீங்க, இதெல்லாம் சும்மா தமாஷ். இப்ப என்ன வேலை பாக்குறீங்க?”

அவள் வாய் பள்ளிக்கூடத்தில் பண்ணினதையே பண்ணப் பார்த்தது. விரலை நகத்தால் கிள்ளிக்கொண்டு பேசினாள். “கடையில. வினைல் ஒட்டற கடை. இந்த… இந்த மாதிரிப் பலகை செய்யற இடம் சார்.”

“இந்த மாதிரியா? இதையே நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லிடாதீங்க!”

அவள் கண் மேஜைமேல் இருந்த பலகைக்குப் போய்த் திரும்பியது. அதுவே பதிலாகிவிட்டது. மேலாளர் கதவைப் பார்த்து யாரையோ கூப்பிட, கோடுபோட்ட சட்டை வந்து நின்றது. இன்றைக்குச் சட்டையில் கோடு இல்லை, ஆனால் வாய் அதேதான். அவன் அவள் கண்ணைப் பார்த்தான். துணிக்கு மேலே தெரிந்த அதே கண். பிறகு அக்காவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்குவதைச் சின்னவள் ஒவ்வொரு படியாகப் பார்த்தாள். இவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறாள். அவன் முகத்தில் பயம் வந்தது. பயம் வந்த இடத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

“ஆமா சார், இவங்க கடைதான்” என்றான். “தன்னோட படத்தைத் தானே செஞ்சு குடுத்திருக்காங்க. என்ன ஒரு தமாஷான ஆளு பாருங்க.”

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“இது நான் இல்ல” என்றாள் சின்னவள்.

“என்னம்மா?”

“இது நான் இல்ல சார். இது அக்கா. இவர் அக்காவைத்தான் வரைஞ்சு கொண்டுவந்தார். கொக்கம்மான்னு சொன்னார். வெட்டும்போது நான்தான் திருப்பிப் போட மறந்துட்டேன். அதனால மச்சம் இடம் மாறிடுச்சு.”

அக்காவின் விரல் தன் இடது கன்னத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. அவள் சட்டைக்காரனைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். சின்னவள் பார்த்தாள்: அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை, காத்திருந்தவர்கள், கள்ளச் சிரிப்பு, எல்லாவற்றையும் அவள் ஒரே வாயில் விழுங்கினாள். பிறகு விரல் கீழே இறங்கியது.

“பாத்தீங்களா சார்?” என்று அக்கா சிரித்தாள். “சின்னதுலேர்ந்து இப்படித்தான். எது நடந்தாலும் என் தலையில போட்டுடுவா. நீங்களே சொல்லுங்க, மச்சம் எந்தப் பக்கம் இருக்கு?”

“வலது பக்கம்தான் மேடம்” என்றான் சட்டைக்காரன். “உங்க போட்டோவைப் பார்த்துத்தான் வரைஞ்சோம். கொக்கம்மாவா? அப்படி யாரும் இங்க இல்லையே.”

வெளியே சிரிப்பு வெடித்தது. அக்காவின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது.

மேலாளர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அவருக்கு நிஜமாகவே கொஞ்சம் வருத்தம் வந்திருந்தது. “அது யாரா வேணா இருக்கட்டும்மா. நீயே சொல்றே, இடம் வலம் பாக்க மறந்துட்டேன்னு. இருபத்துநாலுலயும் மறந்திருக்கே. தபால் பிரிவுல வேலையே அதுதானே? இந்தப் பக்கம் போறது அந்தப் பக்கம் போயிடக் கூடாது. எப்படி உன்னை நம்பி உக்கார வெக்கிறது?”

ஜன்னல் மூடிக்கொண்டது. சின்னவளுக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

“ஆனா அக்கா முகத்துக்காக ஒண்ணு சொல்றேன்” என்றார். “டீ குடுக்கிறவங்க போன வாரம் நின்னுட்டாங்க. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இருபத்துநாலு கப்பு. மேஜை மேஜையாப் போய் வெக்கணும். அவ்வளவுதான். முடியுமா?”

சின்னவள் வாயைத் திறந்தாள்.

“வருவா சார்” என்றாள் அக்கா. அவள் கை வந்து சின்னவளின் தோள்மேல் உட்கார்ந்தது. பார்க்கிறவர்களுக்குத் தடவிக்கொடுப்பதுபோல் இருக்கும். ஐந்து நகமும் பச்சைத் துணியைத் தாண்டி உள்ளே இறங்கின. “திங்கட்கிழமைலேர்ந்தே வருவா. இல்லாட்டி அந்தக் கடைக்காரம்மாகிட்ட நானே போய்ப் பேசறேன், ஆபீஸ் ஆர்டரை எப்படிக் கெடுத்து வெச்சான்னு. என்ன? வருவேதானே?”

“வரேன்” என்றாள் சின்னவள்.

“நல்லது” என்ற மேலாளர் நிம்மதியாகத் தன் டீயைத் தூக்கினார். தூக்கியவர் கப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார். மின்னுகிற சிவப்பு வட்டம் சூட்டில் இளகி, கப்போடு வந்துவிட்டிருந்தது. பலகையில் இருந்த முகத்தின் வலது கன்னத்தில் வெறும் மரம் தெரிந்தது.

“பாரும்மா, ஒட்டலும் சரியில்லை” என்றார்.

அவள் கையை நீட்டிக் கப்பை வாங்கினாள். நகத்தால் சிவப்பு வட்டத்தைக் கிழியாமல் உரித்தாள். அதற்கென்று இருந்த ஓட்டையில் அச்சாக வைத்து, சூடு ஆறுவதற்குள் கட்டைவிரலால் அழுத்தினாள். வெளியே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் விரலை எடுக்கவில்லை. கையை எடுத்தால் ஓரம் எழும்பிக்கொள்ளும். ஒன்று, இரண்டு என்று உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்தாள். முப்பது வரை எண்ண வேண்டும்.